ஆய் நாட்டுச் சுவடுகள் – 9: அவி சுமந்த தெய்வமும் தொண்ணூற்றைந்து சாத்தரும்

புதுக்கடை என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1954 ஆகஸ்ட் 11. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்த நாள். அன்று சிந்திய இரத்தத்துக்கும் பங்குண்டு, 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு இணைந்ததில். அந்தத் தியாகத்தை இந்த ஊர் மறக்கவில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் புதுக்கடையைச் சுற்றியுள்ள மண்ணுக்கு அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு வரலாறு இருக்கிறது. இந்தத் தொடர் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

ஊரை ஒட்டிய பார்த்திவபுரம் கோயிலையும், அதை எழுப்பிய ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேட்டையும் சென்ற பகுதியில் பார்த்தோம். முஞ்சிறைச் சபையாருக்குச் சொந்தமான உழக்குடிவிளை என்ற நிலத்தை, அதற்கு ஈடாக வேறு நிலம் கொடுத்து மன்னன் வாங்கினான். அங்கே விஷ்ணு பட்டாரகரை எழுந்தருளச் செய்து பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். செப்பேடு குறிக்கும் கலியுக நாள் 14,49,087. கணக்கிட்டால் கி.பி. 866. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் கிடந்த அந்த ஏடுகளைப் படித்து திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் வெளியிட்டவர் து. அ. கோபிநாத ராவ்.

கோயிலோடு மன்னன் ஒரு சாலையையும் நிறுவினான். அன்றைய வழக்கில் சாலை என்றால் உண்டு உறைந்து படிக்கும் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த இதில் 95 சாத்தருக்கு இடம். சாத்தர் என்போர் வேதம் பயிலும் மாணவர். பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. பவிழியம் என்பதை ரிக்வேதப் பிரிவு என ஆய்வாளர் கொள்வர். தைத்திரீயம் யஜுர் வேதத்தைச் சேர்ந்தது. தலவகாரம் சாம வேதத்தைச் சேர்ந்தது.

இந்த மூன்று எண்களையும் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்தச் சாத்தர்கள் எதை ஓதினார்கள்? அவர்கள் வாயில் அன்றாடம் புழங்கிய தெய்வம் எது? ஆய் நாட்டின் மனத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். மூன்று பிரிவுகளின் நூல்களையும் எடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே தெய்வம் முன்னால் வந்து நிற்கிறது. அது அக்கினி.

நாற்பத்தைந்து பேர் ஓதிய முதல் பாட்டு

ரிக்வேதத்தில் 1028 பாடல்கள். முதல் பாட்டின் முதல் சொல்லே அக்கினியின் பெயர். ஏறத்தாழ இருநூறு பாடல்கள் அவனைப் பற்றியவை. அவனைவிட அதிகம் பாடப்பட்டவன் இந்திரன் ஒருவனே. பவிழியச் சாத்தர் நாற்பத்தைந்து பேரும் பாடம் தொடங்கிய அன்று வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடிய முதல் பெயர் நெருப்புக் கடவுளுடையதுதான்.

அந்தப் பாடல்களில் அக்கினி அரசன் மட்டும் அல்லன். புரோகிதன், வீட்டு விருந்தாளி, தேவர்களின் வாய், தூதன் என்றும் அவை அவனை அழைக்கின்றன. மனிதன் இடும் நெய்யையும் சோற்றையும் தேவர்கள் நேராக வந்து உண்பதில்லை. அக்கினியின் வாயில் இட்டால் அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான். திரும்பும்போது தேவர்களை வேள்விக்களத்துக்கு அழைத்துவருவதும் அவன் வேலையே. அவன் மனைவி ஸ்வாஹா. அவள் பெயரைச் சொல்லாமல் இட்ட அவி உரிய இடம் போய்ச் சேராது என்பது வேள்வி நெறி. ஏழு நாக்கு, ஆட்டுக்கிடா வாகனம் என்று பிற்காலச் சிற்பிகள் அவனுக்கு உருவம் கொடுத்தார்கள். வேத காலத்தில் அவனுக்குத் தனியே உருவம் தேவைப்படவில்லை. கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தான்.

அவன் பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வேள்விக்குத் தீப்பெட்டி கிடையாது; அடுப்புக் கொள்ளியும் ஆகாது. அரணிக் கட்டையைக் கடைந்தே தீ எழுப்ப வேண்டும். அரச மரத்துக் கட்டை ஒன்று கீழே கிடக்கும். அதில் குழித்த பள்ளத்தில் கடைகோல் நிற்கும். ஒருவர் மேலிருந்து கோலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அதில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுப்பார். தயிர் கடைவது போலத்தான். முதலில் கட்டை சூடேறும், பிறகு கருகிய மணம் வரும், பள்ளத்தில் கரித்தூள் சேரும், புகை எழும்பும். அந்தத் தூளில் ஒரு பொறி கண் விழித்ததும் அதைப் பஞ்சுபோல் உதிர்த்த நாரில் ஏந்தி, உள்ளங்கைகளுக்குள் பொத்தி, ஊதி ஊதி வளர்ப்பார்கள். இரண்டு கட்டைகளும் அக்கினியின் தாய் தந்தையர் என்கிறது வேதம். பிறந்த பிள்ளை பெற்றோரையே தின்று வளர்கிறது என்ற வியப்பும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

இந்தக் காட்சியை ஏட்டில் மட்டும்தான் காணமுடியும் என்பதில்லை. 1975 ஏப்ரலில் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் நடத்திய அக்னிசயன வேள்வியைப் பிரிட்ஸ் ஸ்டால் என்ற டச்சு அறிஞர் படமாகவும் நூலாகவும் பதிவு செய்தார். பறவை வடிவில் செங்கல் மேடை கட்டி, அரணி கடைந்து தீ எழுப்பி, இறுதியில் வேள்விப் பந்தலையே அக்கினிக்கு ஒப்புக்கொடுத்தார்கள். பார்த்திவபுரத்தில் 14 பேர் பயின்ற தலவகார சாமத்தின் மரபு, ஜைமினீயம் என்ற பெயரில், அங்கே சில குடும்பங்களின் குரலில் உயிரோடு இருந்தது. ஆய் மன்னன் நெல்லளந்து காத்த ஓசையின் உறவு, பதினொரு நூற்றாண்டு தாண்டி நிலைத்திருக்கிறது.

ஓடி ஒளிந்த தெய்வம்

சாலையில் 36 பேர் தைத்திரீயர். அவர்களுடைய சங்கிதையில் அக்கினியைப் பற்றி ஒரு கதை உண்டு. நெருப்புக் கடவுளைப் பற்றிய கதைகளில் என் மனத்தை அதிகம் தொட்டது இதுவே.

அக்கினிக்கு மூன்று அண்ணன்மார் இருந்தார்கள். தேவர்களுக்கு அவி சுமந்து சுமந்தே அவர்கள் மாண்டார்கள். அடுத்து முறை தனக்கு என்று தெரிந்ததும் அக்கினி பயந்து ஓடித் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டான். தேவர்கள் தேடினார்கள். மீன் காட்டிக்கொடுத்துவிட்டது. ‘உன்னை நினைத்தபோதெல்லாம் பிடித்துக் கொல்லட்டும்’ என்று மீனைச் சபித்தான் அக்கினி. மனிதர் மீனைப் பிடிப்பது அதனால்தான் என்கிறது சங்கிதை. தேவர்கள் அவனைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து அவி சுமக்கும்படி கேட்டார்கள். அவன் சும்மா சம்மதிக்கவில்லை. ஒரு வரம் கேட்டான். தனக்காக இல்லை. ஆகுதி இடும்போது வேள்விக்குண்டத்தைச் சுற்றி வைத்த கட்டைகளுக்கு வெளியே எது சிந்துகிறதோ, அது இறந்துபோன அண்ணன்மாருக்குப் பங்காக வேண்டும் என்றான். தேவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தெய்வத்துக்குப் பயம் வரலாம் என்று ஒத்துக்கொள்ளும் நூல் இது. வேலையில் செத்தவர்களின் பங்கு எங்கே என்று கேட்டு வாங்கிய பிறகே மறுபடியும் சுமையைத் தோளேற்றினான் நெருப்புக் கடவுள். இங்கே அவன் ஆணையிடும் அதிகாரி அல்லன். அண்ணன்மார் செத்த வேலைக்கே திரும்பிப் போகும் உழைப்பாளி. தேங்காய்ப்பட்டணக் கடற்கரை பக்கத்திலிருக்க, மீனும் வலையும் அன்றாடமாக இருந்த மண்ணில் இந்தக் கதையை முப்பத்தாறு இளைஞர்கள் மனப்பாடம் செய்தார்கள் என்று நினைக்கும்போது, செப்பேட்டின் எண்ணுக்குள் மனிதர்கள் தெரிகிறார்கள்.

ஒரு புல்லை எரிக்க முடியவில்லை

மீதி 14 பேர் தலவகாரர். எண்ணிக்கையில் சிறிய கூட்டம். ஆனால் இந்திய மெய்யியலின் ஆழமான நூல்களில் ஒன்றான கேனோபநிடதம் இவர்களுடைய பிராமணத்தைச் சேர்ந்தது. அங்கேயும் அக்கினி வருகிறான், தோற்றுப்போவதற்காக வருகிறான்.

தேவர்கள் அசுரரை வென்று, அந்த வெற்றி தங்கள் ஆற்றலால் வந்தது என்று செருக்கோடு இருந்தார்கள். பரம்பொருள் ஒரு யட்ச வடிவில் அவர்கள் முன் தோன்றியது. யாரென்று அறிந்துவர முதலில் அக்கினியை அனுப்பினார்கள். நீ யார், உன் வல்லமை என்ன என்று யட்சம் கேட்டது. மண்ணில் உள்ள அனைத்தையும் எரித்துவிடுவேன் என்றான் அவன். யட்சம் ஒரு புல்லை எடுத்து முன்னால் வைத்தது. அக்கினி முழு வேகத்தோடு பாய்ந்தும் அந்தப் புல் கருகவில்லை. அவன் திரும்பிப்போய், எனக்குத் தெரியவில்லை என்று தேவர்களிடம் சொன்னான். அடுத்துப் போன வாயுவும் அந்தப் புல்லை அசைக்க முடியாமல் திரும்பினான். இறுதியில் இந்திரன் போனபோது யட்சம் மறைந்தது. உமை தோன்றி, நீங்கள் கண்டது பிரம்மம், உங்கள் வெற்றி அதனுடையது என்று உணர்த்தினாள்.

ஒரே சாலையில், ஒரே கூரையின் கீழ், மூன்று பிரிவுகளின் நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் அக்கினி தேவர்களின் வாய். இன்னொன்றில் பயந்து ஒளிந்தவன். மூன்றாவதில் புல்லிடம் தோற்றவன். மூன்றும் சேர்ந்தால்தான் வேத மரபு அறிந்த அக்கினி முழுமையாகக் கிடைக்கிறான். எரிப்பது அவனுடைய பெருமை அன்று. சுமப்பதே அவனுடைய தொழில், அந்தத் தொழிலே அவனுடைய தெய்வத்தன்மை. நான் இந்தப் பகுதியில் சொல்ல வருவது இதுவே.

பார்த்தசாரதியும் காண்டீபமும்

செப்பேட்டில் விஷ்ணு பட்டாரகர் என்று குறிக்கப்பட்ட பார்த்திவபுரத்துப் பெருமாளை இன்று மக்கள் பார்த்தசாரதி என்று வணங்குகிறார்கள். தேரோட்டியான அந்தக் கண்ணனுக்கும் அக்கினிக்கும் பழைய தொடர்பு ஒன்று பாரதத்தில் உண்டு.

சுவேதகி என்ற அரசன் விடாமல் வேள்வி செய்ததில் நெய்யைக் குடித்துக் குடித்து அக்கினிக்கு மந்தம் கண்டுவிட்டது. காண்டவ வனத்தை உண்டால் தீரும் என்றான் பிரமன். ஆனால் அங்கே தட்சகன் என்ற நாகம் வாழ்ந்தது. அது இந்திரனின் நண்பன். அக்கினி பற்றும்போதெல்லாம் இந்திரன் மழை பெய்து அணைத்தான். ஆகவே அக்கினி அந்தண வடிவில் வந்து கண்ணனிடமும் அருச்சுனனிடமும் உதவி கேட்டான். அவன் வேண்டியதால் வருணன் கொடுத்ததுதான் காண்டீபம் என்ற வில்லும், அம்பறாத் தூணிகளும், குரங்குக்கொடித் தேரும். கண்ணனுக்குச் சக்கரம் கிடைத்ததும் அப்போதே. பிறகு காடு எரிந்தது. தப்பியவர் மிகச் சிலர். அவர்களில் மயன் ஒருவன். பாண்டவருக்கு மாளிகை கட்டிக்கொடுத்தவன் அவன்தான்.

காண்டவம் எரிந்த கதையை வெற்றிக் கதையாக மட்டும் படிக்க மனம் ஒப்பவில்லை. அத்தனை உயிர்களும் வெந்த இடம் அது. பாரதமே அந்தக் கணக்கை அத்தோடு விட்டுவிடவில்லை. பாண்டவர் எல்லாவற்றையும் துறந்து கடைசி வழி நடக்கும்போது அதே அக்கினி எதிரில் வந்து நின்று, காண்டீபத்தைத் திருப்பிக் கேட்கிறான். அருச்சுனன் அதை நீரில் எறிந்து வருணனிடம் சேர்க்கிறான். இரவல் வாங்கித் தந்தவன், காலம் முடிந்ததும் உரியவனிடம் ஒப்படைக்கிறான். அழிவின் நடுவிலும் அக்கினியின் கைக்கு எதுவும் சொந்தமில்லை.

பக்கத்து முஞ்சிறையில் உள்ள திருமலை மகாதேவர் கோயிலிலிருந்துதான் மாசிச் சிவராத்திரியில் சிவாலய ஓட்டம் தொடங்குகிறது. விசிறி ஏந்தி, ‘கோவிந்தா கோபாலா’ என்று முழங்கிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடி, திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்கு மக்கள் சொல்லும் காரணக் கதையிலும் ஒரு வேள்வித் தீ இருக்கிறது. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டியிருந்தது. அதற்காகவே கண்ணன் பன்னிரண்டு உருத்திராக்கங்களோடு வீமனை அனுப்பினான். விரட்டிவந்த புருஷாமிருகத்தின் முன் அவன் ஒவ்வொன்றாகப் போட்டவை பன்னிரண்டு இலிங்கங்களாயின. சாலையின் வேதமும் ஓட்டக்காரரின் முழக்கமும் ஒரு கூப்பிடு தொலைவில் இருந்திருக்கின்றன.

தீர்ப்புச் சொல்லத் தீயை நிறுத்தியவர்கள்

தமிழ்க் காப்பியத்திலும் அக்கினி ஏவல் கேட்பவனே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையைச் சபித்ததும் நீலமேனியும் செஞ்சடையுமாக அந்தணக் கோலத்தில் அவள் முன் தோன்றி, யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரைச் சேர் என்கிறாள் அவள். கந்தபுராணத்தில் சிவனின் நெற்றிப்பொறிகளை வாயுவும் அக்கினியும் சுமந்து, தாங்கமாட்டாமல் கங்கையில் சேர்க்கிறார்கள். சரவணப் பொய்கையில் முருகன் பிறக்கிறான். அங்கேயும் சுமைதான்.

ஆனால் மனிதர்கள் அவனுக்கு இன்னொரு வேலையையும் கொடுத்தார்கள்: குற்றம் உண்டா இல்லையா என்று சொல்லும் வேலை. நம் மாவட்டத்துச் சுசீந்திரத்தில் கைமுக்கு என்ற சோதனை நடந்தது. அகலிகையால் வந்த பழியை இந்திரன் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தீர்த்துக்கொண்ட தலம் என்பது அந்த ஊரின் கதை. அதன் வழியில், ஒழுக்கம் தவறியதாகப் பழி சுமந்த நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்க்குள் கைவிட்டு, உள்ளே கிடக்கும் சிறு காளை உருவத்தை எடுக்கச் சொன்னார்கள். கையைக் கட்டிவைத்து மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். வேகாவிட்டால் நிரபராதி, வெந்திருந்தால் ஊரும் உறவும் இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இந்தக் கொடுமை நிறுத்தப்பட்டது. சீதையைத் தீயில் இறங்கவைத்ததும் அக்கினி அல்லன். அவன் செய்தது அவளைக் கையில் ஏந்திக் கொண்டுவந்து ஒப்படைத்தது. சந்தேகமும் தீர்ப்பும் மனிதருடையவை. அந்தப் பாரத்தை நெருப்பின் தலையில் ஏற்றியது நம் குறை.

சாலைக்கு வெளியே எரிந்த சுடர்

பார்த்திவபுரத்துச் சாலை வேதியர் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. அதில் சேர இலக்கணமும் புரோகிதமும் மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. ஒருவரையொருவர் இழிவாகப் பேசினால் தண்டனை உண்டு; ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது; சாலைக்குள் சூதாடக்கூடாது. ஒழுங்கான கல்விக்கூடம்தான். ஆனால் அந்த நிலத்தை உழுதவன், பனையேறியவன், வலை வீசியவன் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

அவர்கள் தீயின் தெய்வத்தை வேறு வழியில் கண்டுகொண்டார்கள். தென்பாண்டியும் நாஞ்சில் நாடும் வில்லடித்துப் பாடும் சுடலைமாடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வரம் கேட்ட பார்வதி, விளக்குச் சுடருக்குக் கீழே முந்தியை விரித்து ஏந்துகிறாள். சுடர் உதிர்ந்து கை கால் இல்லாத பிண்டமாக விழுகிறது. சிவன் அதற்கு உருவம் கொடுக்கிறார். விளக்கில் பிறந்த அந்தப் பிள்ளைக்குப் பசி அடங்கவில்லை. சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறான். கயிலையில் இருக்க இடமில்லாமல் பூமிக்கு வந்து காவல் தெய்வமாகிறான். கொடை நாளில் நள்ளிரவில் பந்தம் ஏந்தி மயானம் போகும் சாமியாடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பசியும் இந்தச் சுடரும் தெரியும்.

வேதம் அக்கினியின் பல வடிவங்களைச் சொல்கிறது. அவற்றில் பிணத்தை உண்ணும் தீயும் ஒன்று. தேவருக்கு அவி கொண்டுபோகும் தீ வேறு, அது வேறு என்று பிரித்துத் தள்ளிவைத்தார்கள் வேள்வி செய்தவர்கள். தள்ளிவைத்ததை எடுத்துச் சோறு போட்டு, பெயர் வைத்து, ஊர்க்காவலுக்கு நிறுத்தினார்கள் சாலைக்கு வெளியே நின்றவர்கள். வேதத்திலிருந்து சுடலை வந்தான் என்றோ, சுடலையிலிருந்து வேதம் எடுத்தது என்றோ நான் சொல்லவில்லை. ஒரே மண்ணில் இரண்டு கூட்டத்தார் ஒரே நெருப்பைப் பார்த்து இரண்டு மொழியில் பேசியிருக்கிறார்கள். ஒரு பேச்சு செப்பேட்டில் ஏறியது. மற்றது வில்லில் நின்றது. ஆய் நாட்டு வரலாற்றை எழுத இரண்டும் வேண்டும்.

அக்கினிக்கு நம் பக்கத்தில் பெரிய தனிக்கோயில்கள் கிடையாது. இருந்தும் அவன் இல்லாத கோயிலும் வீடும் இல்லை. தென்கிழக்கு அவனுடைய மூலை. ஆகவே கோயில் மடைப்பள்ளி அங்கே, வீட்டு அடுப்பும் அங்கே. கல்யாணத்தில் அவன் சாட்சி. சுடுகாட்டில் அவன் கடைசித் துணை. இருக்கைக்கும் கோபுரத்துக்கும் ஆசைப்படாமல் வேலையில் மட்டும் நிற்கும் தெய்வம் அவன்.

அந்தச் சாத்தர்களும் அப்படித்தான். எழுத்தின் துணை இல்லாமல், ஒரு மாத்திரை பிசகாமல், ஆசானிடம் வாங்கியதை அடுத்தவனிடம் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சுமந்தது கிடைத்திருக்கிறது. மன்னர் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யும் நாம், சுமந்தவர்களையும் வரலாற்றில் சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும்.

இந்தச் சாலைக்கு முன்மாதிரியாக இருந்தது காந்தளூர்ச் சாலை. அதைக் கலமறுத்ததைத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பொறித்துக்கொண்டான் முதலாம் இராசராசன். ஒரு கல்விக்கூடத்தின் பெயர் பேரரசன் ஒருவனின் வெற்றிப் பட்டியலில் ஏன் வந்தது? அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)